ஒரு கண்மாய், ஒரு திருகு, சில சனிக்கிழமைகள்: கம்பெனித் தன்னார்வப் பணி பற்றிய நிகழ்வு ஆய்வு

டிசம்பர் 5 உலகத் தன்னார்வலர் நாள். ஐ.நா. சபை 1985-இல் அறிவித்தது. ஊழியர்களை ஏதாவது ஓர் ஊருக்கு அழைத்துப்போய் ஒருநாள் வேலை செய்யவைக்க நினைக்கும் கம்பெனிகளுக்கு அது வசதியான தேதி. மதுரை மாவட்டத்துத் திருமங்கலம் பக்கத்துக் கண்மாய்க்கோ (கண்மாய் என்றால் பாசன ஏரி) அது கார்த்திகை மாதம். மழை ஒழுங்காகப் பெய்திருந்தால் கண்மாயில் தண்ணீர் கிடக்கும். கீழே சம்பா நெல்லில் களையெடுப்பு நடக்கும். ஊரில் ஓர் ஆளைப் பிடிக்க முடியாது. அப்படிப்பட்ட நாளில் "கண்மாய் தூர்வாரும் விழா" என்று பேனர் கட்டிக்கொண்டு நூறு பேருக்கு மேல் பஸ்ஸில் வந்து இறங்கினால் என்ன நடக்கும்? இந்த ஆய்வு அங்கிருந்துதான் தொடங்குகிறது.

கம்பெனிக்கும் ஊருக்கும் நடுவில் நின்று ஒருங்கிணைத்தது நான் வேலை பார்க்கும் தொண்டு நிறுவனம். கம்பெனியின் பெயரையும் ஊரின் பெயரையும் சொல்லப்போவதில்லை. இரண்டு தரப்பும் இன்னமும் சேர்ந்து வேலை செய்துகொண்டிருக்கின்றன. தொழிற்சாலை திருமங்கலம் வட்டத்தில் இருக்கிறது, கண்மாய் அங்கிருந்து பைக்கில் போகும் தூரம் என்பது போதும்.

கம்பெனி ஏன் வந்தது

2013-ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 135-ஆம் பிரிவு பலருக்கும் தெரிந்ததுதான். நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1000 கோடி, நிகர லாபம் 5 கோடி என்ற மூன்றில் ஒன்றைத் தொட்டுவிட்ட கம்பெனி, முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். 2014 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கிறது. தான் இயங்கும் வட்டாரத்துக்கு முன்னுரிமை கொடுக்க வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. இந்தக் கம்பெனியின் தலைமையகம் வேறு ஊரில். மதுரைப் பக்கத்து யூனிட்டுக்கு அங்கிருந்து ஆண்டுதோறும் ஒரு தொகை ஒதுக்கப்படும். கூடவே ஒரு மின்னஞ்சலும் வரும்: இத்தனை ஊழியர்கள், இத்தனை மணி நேரம், இத்தனை புகைப்படம்.

இங்கே பலர் கவனிக்காத ஒரு விஷயம் இருக்கிறது. ஊழியர் செலவிடும் நேரத்தை ரூபாயாக மாற்றி இந்த 2 சதவீதக் கணக்கில் காட்ட முடியாது. ஊழியர்களை ஈடுபடுத்துங்கள், நல்லதுதான், ஆனால் அவர்களின் உழைப்புக்கு விலை போட்டுச் செலவில் சேர்க்காதீர்கள் என்று கம்பெனி விவகார அமைச்சகம் தன் விளக்கங்களில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. மாரத்தான், விருது விழா, விளம்பரம் போன்ற ஒருநாள் நிகழ்ச்சிகளும் கணக்கில் வராது என்று 2014 ஜூன் சுற்றறிக்கையிலேயே இருக்கிறது. அதாவது டி-ஷர்ட்டும் பேனரும் பிரியாணியும் சட்டத்துக்காகச் செய்தவை அல்ல. யாரும் கேட்காமலே செய்தவை. சட்டம் கேட்கிறது என்று சொல்லிக்கொண்டு ஒரு கம்பெனி விழா நடத்தினால், அந்தக் கம்பெனியின் கணக்குப் பிரிவில் ஒருவரிடம் பேசிப் பாருங்கள். இங்கே அப்படிப் பேசியதில்தான் பல முடிச்சுகள் அவிழ்ந்தன.

கண்மாய்

ஆயக்கட்டு, அதாவது கண்மாய்த் தண்ணீர் பாயும் நிலம், 40 ஹெக்டேருக்கு மேல் இருந்தால் கண்மாய் நீர்வளத் துறையின் பொறுப்பு, குறைவாக இருந்தால் ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு. இது சின்னக் கண்மாய், ஒன்றியத்துக்கு உட்பட்டது. பெரியாறு, வைகைக் கால்வாய்த் தண்ணீர் இதற்குக் கிடையாது. வானம் பார்த்ததுதான். தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால் ஒன்று, வயலுக்குத் தண்ணீர் திறக்கும் மடை இரண்டு, மிஞ்சிய தண்ணீர் வழியும் கலுங்கு ஒன்று. மேலமடை பழைய கல் மடை. கீழமடைக்கு எப்போதோ இரும்பு ஷட்டர் போட்டிருக்கிறார்கள். தண்ணீர் தேங்கும் உள்வாயில் பாதிக்கு மேல் சீமைக்கருவேலம்.

தண்ணீரைத் திறப்பதும் அடைப்பதும் யார் வயலுக்கு எப்போது என்று பார்ப்பதும் நீர்க்கட்டியின் வேலை. இந்த ஊரில் அந்த வேலை ஒரே குடும்பத்தில் தலைமுறையாக வருகிறது. அறுவடைக் களத்தில் நெல்லாக அளப்பதுதான் கூலி. அந்தக் குடும்பம் இருப்பது ஊருக்கு வெளியே, காலனியில். இந்த விவரம் இந்த ஆய்வில் பின்னால் முக்கியமாகிறது. தொடக்கத்தில் கம்பெனி சந்தித்த ஊர்ப் பெரியவர்கள் யாரும் அவரைப் பற்றிப் பேச்செடுக்கவில்லை. கம்பெனியும் கேட்கவில்லை.

விழா நாள்

கண்மாயில் தண்ணீர் இருந்ததால் தூர்வார முடியவில்லை. இது முதல் நாளே எல்லாருக்கும் தெரியும். பேனர் அச்சாகிவிட்டது, பஸ் பேசியாகிவிட்டது. அதனால் வேலையை மாற்றிக்கொண்டார்கள்: கரையோரத்துக் கருவேலத்தை வெட்டுவது, கரையில் மரக்கன்று நடுவது, தண்ணீர் வற்றியிருந்த மேட்டுப் பக்கத்தில் ஜேசிபி விட்டுக் கொஞ்சம் மண் அள்ளுவது.

வந்தவர்கள் மேல் ஒரு குறையும் சொல்ல முடியாது. அலுவலகத்தில் உட்கார்ந்து வேலை செய்யும் பிள்ளைகள் கையில் முள் கிழித்து ரத்தம் வர வர வெட்டினார்கள். ஆனால் சீமைக்கருவேலத்தைத் தரைக்கு மேல் வெட்டினால் அது வெட்டிய இடத்தில் நாலு கிளையாகத் துளிர்க்கும். வேரோடு பிடுங்க வேண்டும். 2017-இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை சீமைக்கருவேலத்தை அகற்ற உத்தரவு போட்டபோது இந்த மாவட்டமே அந்தப் பாடத்தைப் படித்தது. வெட்டிப் போட்ட இடமெல்லாம் அடுத்த மழைக்கு முன்னைவிட அடர்த்தியாக வந்தது. இங்கேயும் தை மாதம் போய்ப் பார்த்தபோது முழங்கால் உயரம்.

வெட்டிய விறகை யார் எடுப்பது என்று இன்னொரு தகராறு. கம்பெனி ஏற்பாடு செய்த லாரி அதை ஏற்றிக்கொண்டு கிளம்பியது. கருவேலத்தை வெட்டி மூட்டம் போட்டுக் கரி விற்கும் இரண்டு குடும்பங்கள் லாரியை மறித்துவிட்டன. ஊருக்கு நல்லது செய்ய வந்தவர்கள் ஊர்க்காரர்களின் பிழைப்பை ஏற்றிக்கொண்டு போகிறார்கள் என்று சத்தம். லாரியைத் திருப்பி விறகை இறக்கினார்கள். அன்றைக்கு எடுத்த புகைப்படங்களில் அது இல்லை.

ஜேசிபி கதை சுருக்கமானது. கரையை ஒட்டித் தோண்டினால் கரை பலவீனமாகும். மடையின் வாய் மட்டத்துக்குக் கீழே தோண்டினால் அங்கே தேங்கும் தண்ணீர் மாட்டுக்கும் கிணற்று ஊற்றுக்கும் ஆகும், வயலுக்கு வராது. இந்த இரண்டில் எதையும் ஓட்டுநரிடம் சொல்ல அங்கே ஆள் இல்லை. சொல்லத் தெரிந்தவர் அன்று வயலில் தண்ணீர் பார்த்துக்கொண்டிருந்தார்.

மரக்கன்றுகளை ஆடுகள் தின்றன. இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

மாசியில் நடந்த பேச்சு

நிதியாண்டு முடிவதற்கு முன் கம்பெனியில் ஒரு கூட்டம். செலவான தொகையில் எவ்வளவு கணக்கில் காட்டலாம் என்று பார்த்தால், விழாவுக்குப் போன பணத்தில் பெரும்பகுதியைக் காட்ட முடியாது என்றார் கணக்குப் பிரிவு அதிகாரி. நிர்வாகச் செலவாகக் காட்டலாமா என்றால் அதற்கு மொத்தச் செலவில் 5 சதவீதம்தான் உச்சவரம்பு. அப்புறம் அவர் ஒரு கேள்வி கேட்டார்: "இந்தப் பணத்தையும் நூறு பேரின் ஒருநாள் வேலையையும் அந்த ஊரே கையில் வைத்திருந்தால் என்ன செய்திருக்கும்?"

அந்தக் கேள்வியை ஊரில் கேட்கப் போனபோதுதான் நீர்க்கட்டியோடு முதல்முறையாக உட்கார்ந்து பேசினோம். அதுவும் தற்செயல். கம்பெனியின் மெயின்டனன்ஸ் பிரிவிலிருந்து ஒரு ஃபிட்டரும், லேத்தில் இரும்பைக் கடையும் ஒரு டர்னரும் கூட வந்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை சும்மா வந்தவர்கள். கூட்டத்தில் பெரியவர்கள் கரையைப் பலப்படுத்தச் சிமெண்டுச் சுவர் வேண்டும், கோயிலுக்கு முன்னால் தளம் வேண்டும் என்று அடுக்கிக்கொண்டிருக்க, இவர்கள் இருவரும் எழுந்து கீழமடைப் பக்கம் நடந்தார்கள். இரும்பைக் கண்டால் அவர்களுக்கு இருப்புக்கொள்ளாது. அங்கே நீர்க்கட்டி வைக்கோலைப் பிரியாகத் திரித்து ஷட்டரின் அடியில் திணித்துக்கொண்டிருந்தார்.

"என்னண்ணே பண்றீங்க?"

"தம்பி, இது மூடுனா மூடாது, தெறந்தா தெறக்காது. ராத்திரியெல்லாம் ஒழுகும். வைக்கோல் வெச்சா கொஞ்சம் நிக்கும்."

ஷட்டரைத் தூக்கி இறக்கும் திருகுக் கம்பி வளைந்திருந்தது. கைப்பிடி காணாமல்போய்ப் பல வருடங்கள் ஆகிவிட்டதால் கடப்பாரையை நுழைத்துத் திருப்பியிருக்கிறார்கள். அதில் கம்பி வளைந்து மரை (திருகின் புரி) தேய்ந்துவிட்டது. கம்பி சுழலும் நட்டிலும் பாதி மரை இல்லை. ஷட்டர் தகடு கடைசி நாலு விரல் இறங்காமல் நின்றுவிடும். அந்த நாலு விரல் இடைவெளியில்தான் கண்மாயின் தண்ணீர் தேவையில்லாத நேரத்தில் போய்க்கொண்டிருந்தது. தை கடைசியில், கதிர் பால் பிடிக்கும் நேரத்தில், தண்ணீர் இல்லை என்று ஊர் புலம்புவதற்கு மழைக் குறைவு மட்டும் காரணமில்லை.

இத்தனை வருடம் யாரும் சரிசெய்யவில்லையா? ஒன்றியத்தில் மனு கொடுத்திருக்கிறார்கள். இவ்வளவு சின்ன வேலைக்கு மதிப்பீடு போட்டு ஒப்பந்தம் விட எந்த ஒப்பந்தக்காரரும் வரமாட்டார். பெரிய வேலையோடு சேர்த்து வரும் என்று காத்திருந்தார்கள். அரசு வேலைக்குச் சின்னது, ஊர்க்காரர் கைக்குப் பெரியது. இந்த நடு அளவு வேலைகள்தான் கண்மாய்களில் கேட்பாரற்றுக் கிடக்கின்றன. ஒரு தொழிற்சாலையின் மெயின்டனன்ஸ் பிரிவுக்கு இது ஒரு ஷிப்ட் வேலை.

லேத்தில் ஒரு கம்பி

டர்னர் பழைய கம்பியின் மரை மேல் ஒரு தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்செடுத்தார். வெர்னியரால் விட்டத்தை மூன்று இடத்தில் அளந்தார், மூன்றும் வேறுவேறாக இருந்தது. தேயாத பாகம் நட்டுக்குள் மறைந்திருந்த பாகம்தான் என்பதால் அதை அளவாக எடுத்துக்கொண்டார். சதுர மரை. இப்போது கடையில் வாங்கும் போல்ட்டுகளில் இருப்பது மாதிரி இல்லை, பாரம் தூக்குவதற்காகவே வெட்டுவது. நட்டுக்கு இரும்பு போட்டால் இரண்டும் துருப்பிடித்து ஒட்டிக்கொள்ளும் என்று கன்மெட்டலில், அதாவது ஒருவகை வெண்கலத்தில், செய்யலாம் என்றார். தகட்டின் அடியில் தண்ணீர் கசியாமல் இருக்க, ஆலையில் கழித்துப் போட்ட கன்வேயர் பெல்ட் ரப்பரில் ஒரு பட்டை வெட்டிப் பிடிக்கலாம் என்பது ஃபிட்டரின் யோசனை.

அனுமதி வாங்கியது தனிக் கதை. ஒன்றியப் பொறியாளர் நேரில் வந்து பார்த்து, தன் மேற்பார்வையில்தான் மாட்ட வேண்டும் என்ற நிபந்தனையோடு சம்மதித்தார். அவர் எழுத்தில் கொடுக்க வேண்டும் என்று நாங்கள் பிடிவாதமாக நின்றோம். நாளைக்கு ஷட்டர் உடைந்து வயல் மூழ்கினால் யார் பொறுப்பு என்ற கேள்வி ஒரு ஃபிட்டரின் தலையில் வந்து விழக்கூடாது.

கம்பி தயாரானது. ஆனால் தொழிற்சாலை வாசலைத் தாண்டவில்லை. செக்யூரிட்டியிடம் கேட் பாஸ் வேண்டும். பாஸில் இரண்டு வகைதான்: திரும்பி வரும் பொருள், திரும்பி வராத பொருள். திரும்பி வராது என்றால் விற்பனையா, கழிவா? விற்பனை என்றால் பில் எங்கே? கழிவு என்றால் புதிதாகச் செய்த கம்பி எப்படிக் கழிவாகும்? ரப்பர் பட்டைக்கு இன்னும் சிக்கல், அது கழிவு ஏலக் குத்தகைக்காரருக்குப் போக வேண்டியது. ஒரு வாரத்துக்கு மேல் அந்தக் கம்பி செக்யூரிட்டி அறையில் சாய்ந்து நின்றது. கடைசியில் கணக்கு அதிகாரி நன்கொடைப் பொருள் என்று புதிதாக ஒரு வகையை உருவாக்கினார். விழாவுக்கு நூறு பேரை வெளியே அனுப்புவது எளிதாக இருந்தது, ஒரு கம்பியை அனுப்புவது கஷ்டமாக இருந்தது. ஊழியர்களின் கைத்திறனை ஊருக்குக் கொடுக்க நினைக்கும் எந்தக் கம்பெனியும் முதலில் திருத்த வேண்டியது இந்த மாதிரித் தாள்களைத்தான்.

ஆனி மாதம், கண்மாய் காய்ந்து கிடந்தபோது, ஒரு சனிக்கிழமை ஆறு பேர் வந்தார்கள். காலையில் தொடங்கி மத்தியானத்துக்குள் முடிந்தது. நீர்க்கட்டி திருப்பிப் பார்த்தார். கடைசிவரை இறங்கியது. மறுபடி ஏற்றினார், மறுபடி இறக்கினார். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அவர் மூன்றாவது தடவையும் ஏற்றினார்.

சாவி யாரிடம்

கடப்பாரை போட்டுத் திருப்பும் பழக்கம் திரும்ப வராமலிருக்க, கழற்றி எடுத்துப்போகும் ஒரு கைப்பிடியும் பூட்டும் செய்திருந்தார்கள். ஒரே சாவி. கம்பெனியிலிருந்து மேனேஜர் வந்து, அதை விவசாயிகள் சங்கத் தலைவர் கையில் கொடுத்துப் படம் எடுத்துக்கொண்டார். அன்றிலிருந்து நீர்க்கட்டி மடையைத் திறக்க வேண்டுமென்றால் தலைவர் வீட்டுக்குப் போய் வாசலில் நின்று கேட்க வேண்டியதாகிவிட்டது. தலைவர் ஊரில் இல்லாத நாளில் தண்ணீரும் இல்லை.

தலைமுறையாக அவர் கையில் இருந்த உரிமை ஒரு நல்ல காரியத்தின் வழியாகக் கைமாறிவிட்டது. கம்பெனிக்காரர்களுக்கு இது புரியவே சில வாரங்கள் ஆயின. ஊரில் யார் யாரிடம் போய் நிற்க வேண்டும் என்பது சாதியோடு சேர்ந்த கணக்கு, அதை வெளியிலிருந்து வரும் ஒரு பூட்டு மாற்றிவிடும் என்று அவர்கள் நினைக்கவில்லை. ஃபிட்டர்தான் இன்னொரு கைப்பிடியும் சாவியும் செய்துகொண்டு வந்தார். இந்த முறை படம் எதுவும் இல்லை. நேராகக் காலனிக்குப் போய்க் கொடுத்துவிட்டார். சங்கத் தலைவருக்குக் கொஞ்சம் மனத்தாங்கல்தான். ஒன்றியப் பொறியாளர் கொடுத்த கடிதத்தில் மடை இயக்குபவர் நீர்க்கட்டி என்று எழுதியிருந்ததால் பேச்சு அதோடு நின்றது. அந்த ஒரு வரியைக் கடிதத்தில் சேர்க்கச் சொன்னவர் ஒன்றிய அலுவலகத்தில் வேலை பார்த்த ஒரு பெண் மேற்பார்வையாளர். அவருக்கு ஊர் தெரியும்.

யார் தன்னார்வலர்

கம்பெனியின் தன்னார்வலர் பட்டியலில் நிரந்தர ஊழியர்கள் மட்டும்தான். அவர்களுக்கு அந்த நாள் ஆன் டியூட்டி, சம்பளம் பிடிக்கமாட்டார்கள். ஆனால் அந்த யூனிட்டில் லோடிங், பேக்கிங், துப்புரவு வேலை செய்யும் ஒப்பந்தத் தொழிலாளர்கள் பலரும் சுற்றுவட்டாரக் கிராமத்துக்காரர்கள். கண்மாயைப் பற்றி அந்தத் தொழிற்சாலைக்குள் அதிகம் தெரிந்தவர்கள் அவர்கள்தான். வரத்துக்கால் எங்கே அடைபட்டிருக்கிறது என்று வரைபடம் இல்லாமல் சொன்னது பேக்கிங்கில் இருக்கும் ஒரு பெண். அவருடைய பிறந்த ஊர் வரத்துக்காலின் மேல்பக்கம்.

இவர்கள் ஒரு சனிக்கிழமை கண்மாய்க்கு வந்தால் அன்றைய கூலி போய்விடும். நிரந்தர ஊழியருக்குச் சேவை, ஒப்பந்தத் தொழிலாளிக்கு நஷ்டம். இதை நாங்கள் எடுத்துச் சொன்னபோது மனிதவளப் பிரிவு முதலில் தயங்கியது. ஒப்பந்தக்காரரின் ஆட்களை நாங்கள் எப்படி அனுப்ப முடியும் என்றார்கள். பல கூட்டங்களுக்குப் பிறகு, வரும் ஆட்களுக்கு அன்றைய கூலியை ஒப்பந்தக்காரர் தன் பில்லில் சேர்த்துக்கொள்ளலாம் என்று ஒத்துக்கொண்டார்கள். இன்றுவரை அது மேனேஜரின் வாய்வார்த்தையாகத்தான் இருக்கிறது. அவர் மாற்றலாகிப் போனால் அதுவும் போகும்.

இன்னொரு பக்கமும் உண்டு. விழா நாளில் வந்த நூறு பேரில் எத்தனை பேர் மனதார வந்தார்கள்? வருகைப் பதிவு எடுத்தார்கள். மேற்பார்வையாளர் கேட்டால் மறுக்க முடியாது. ஷட்டர் வேலைக்கு வந்த ஆறு பேரையும் யாரும் கூப்பிடவில்லை, அவர்கள் செய்த பொருளை மாட்ட அவர்களே வந்தார்கள். எனக்குத் தெரிந்தவரை, தன்னார்வப் பணியை அளக்க மணிக்கணக்கைவிட, கூப்பிடாமல் இரண்டாம் தடவை வந்தவர்களை எண்ணுவது மேல்.

வரத்துக்கால்

ஷட்டர் சரியானதும் ஊரில் ஒரு தெம்பு வந்தது. வரத்துக்காலைப் பார்ப்போம் என்று அவர்களே சொன்னார்கள். தார் ரோட்டுக்கு அடியில் போகும் பாலக்குழாய் பிளாஸ்டிக்காலும் கட்டட இடிபாட்டாலும் அடைத்திருந்தது. மழை பெய்தாலும் தண்ணீர் கண்மாய்க்கு வராமல் ரோட்டோரம் வழிந்து வேறு பக்கம் போகும். இங்கே கம்பெனியிடம் ஜேசிபி வாடகையும் டீசலும் மட்டும் கேட்டார்கள். ஆள் ஊருடையது, வீட்டுக்கு ஒருவர். மதுரையில் இயங்கும் தானம் அறக்கட்டளை கண்மாய் விவசாயிகளை வயலகங்கள் என்ற சங்கங்களாகத் திரட்டியபோது, ஊர் தன் பங்கைப் போட்டால்தான் வேலை என்பதை விதியாகவே வைத்திருந்தது. 2017-இல் அரசு மீண்டும் தொடங்கிய குடிமராமத்தும், ஊரே சேர்ந்து கண்மாயைப் பராமரிக்கும் அதே பழைய வழக்கத்தின் பெயரைத்தான் எடுத்துக்கொண்டது. ஊர்ப் பங்கு இருந்தால் ஊர் பார்த்துக்கொள்ளும் என்பது எப்போதும் உண்மையில்லை. ஆனால் ஊர்ப் பங்கே இல்லாமல் நட்ட மரக்கன்றை ஆடு தின்றபோது ஒருவரும் ஆட்டை விரட்டவில்லை என்பதைப் பார்த்தோம்.

பணம் கொடுப்பதில் ஒரு சிக்கல். சங்கத்துக்கு நேரடியாகக் கம்பெனி கொடுக்க முடியாது. 2021 ஏப்ரல் முதல், இந்தப் பணத்தை வாங்கி வேலை செய்யும் அமைப்பு சி.எஸ்.ஆர்-1 (கம்பெனி சமூகப் பொறுப்பு) படிவத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். வருமான வரிப் பதிவுகள், மூன்று ஆண்டு அனுபவம் எல்லாம் கேட்பார்கள். ஒரு கிராமத்துக் கண்மாய்ச் சங்கத்துக்கு அது எட்டாது. அதனால் பணம் எங்கள் வழியாகப் போனது. முறைகேட்டைத் தடுக்க வந்த விதிதான், தப்பு சொல்லவில்லை. ஆனால் எங்களைப் போன்ற இடைத்தரகர் இல்லாமல் ஊரும் கம்பெனியும் நேரே கைகோக்க முடியாதபடி ஆகிவிட்டது. இடைத்தரகராக இருப்பவர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள், நான் சொல்கிறேன்.

கரையில் மறுபடி மரக்கன்று நடவில்லை. புரட்டாசியில் பனங்கொட்டை ஊன்றினார்கள். ஆடு தின்னாது, தண்ணீர் ஊற்ற வேண்டாம், வேர் கரையைப் பிடிக்கும். வளர வருடக்கணக்காகும் என்பதால் எந்த அறிக்கையிலும் படம் வராது.

என் கணிப்பு

மதுரைக்குக் கம்பெனிகள் ஊரோடு கலப்பது புதிதில்லை. ஹார்வி மில் என்ற பஞ்சாலையின் தொழிலாளர்களுக்காக எழுந்த ஹார்விபட்டி இன்னும் திருப்பரங்குன்றத்துப் பக்கம் இருக்கிறது. அரவிந்த் கண் மருத்துவமனை 1976-இல் பதினொரு படுக்கையோடு தொடங்கிப் பெரிதானதில் கிராமத்துக் கண் முகாம்களுக்குப் பெரிய பங்கு உண்டு. அந்த முகாம்களில் இடம், விளம்பரம், சாப்பாடு எல்லாம் உள்ளூர்ச் சங்கமோ கம்பெனியோ பார்த்துக்கொள்ளும். கண்ணை மருத்துவமனை பார்க்கும். யார் எதைச் செய்வது என்பதில் குழப்பமே இருக்காது. அரிமா சங்கத்துக்காரர் யாரும் கண்ணில் டார்ச் அடிக்கப் போகமாட்டார். எங்கள் விழா நாளில் நடந்தது அதற்கு நேர்மாறு, கணினியில் வேலை செய்பவர்கள் கருவேலம் வெட்டினார்கள், கருவேலம் வெட்டத் தெரிந்தவர்கள் வேடிக்கை பார்த்தார்கள்.

இன்னொன்று, திரும்பி வருவது. சித்திரைத் திருவிழாவில் மண்டகப்படி என்று ஒன்று இருக்கிறதே, அழகர் வரும் வழியெல்லாம் அவர் தங்கிப்போகும் இடம். ஒரு மண்டகப்படி இன்னாருடையது என்றால் அது வருடா வருடம் அவர்களுடையதுதான். சின்னதாக இருக்கலாம், ஆனால் அழகர் வரும்போது ஆள் நிற்க வேண்டும். கம்பெனிகளின் தன்னார்வ நாள் ஒவ்வொரு வருடமும் ஒவ்வோர் ஊருக்குப் போகிறது. போன வருடம் கண்மாய், இந்த வருடம் பள்ளிக்கூடம், அடுத்த வருடம் முதியோர் இல்லம். எதுவும் எவருடையதும் இல்லை. இந்த யூனிட்டின் மெயின்டனன்ஸ் பிரிவு இப்போது கீழமடை ஷட்டரைத் தன்னுடையதாக எடுத்துக்கொண்டிருக்கிறது. ஆடி பிறக்கும் முன் கிரீஸ் போட்டு, ரப்பரைப் பார்த்துவிட்டு வருகிறார்கள். ஆலையின் மெஷின்களுக்கு இருக்கும் பராமரிப்பு அட்டவணையில் கடைசி வரியாக அந்த மடையையும் டர்னர் பேனாவால் எழுதிச் சேர்த்திருக்கிறார்.

கிடைத்த பலனை எவ்வளவு என்று நெல் மூட்டையில் சொல்ல மாட்டேன். ஒரு மழை வருடத்தையும் இன்னொரு மழை வருடத்தையும் ஒப்பிட்டு, வித்தியாசமெல்லாம் ஷட்டரால் வந்தது என்று எழுதுவது ஏமாற்று. ராத்திரி ஒழுகல் நின்றது. முறை வைத்துத் தண்ணீர் விட முடிகிறது. கடைமடைக்காரர்கள் சண்டைக்கு வருவது குறைந்திருக்கிறது என்று நீர்க்கட்டி சொல்கிறார். அவருக்கு இன்னும் நெல்லாகத்தான் கூலி, அதில் மாற்றமில்லை. அதைக் கேட்பது கம்பெனியின் வேலையில்லை என்று கம்பெனி நினைக்கிறது. சங்கம் அடுத்த கூட்டத்தில் பேசுவோம் என்கிறது. உள்வாய்க் கருவேலம் பாதி அப்படியேதான் நிற்கிறது.

தலைமையகத்தின் படிவத்தில் அந்த ஆண்டு பங்கேற்றோர் எண்ணிக்கை மிகவும் குறைந்துவிட்டது. ஏன் குறைந்தது என்று விளக்கம் கேட்டு மின்னஞ்சல் வந்தது. கணக்கு அதிகாரி ஒன்றியத்தின் கடிதத்தை இணைத்து அனுப்பினார். அதற்குப் பதில் இல்லை, அடுத்த வருட ஒதுக்கீடு குறையவும் இல்லை. டிசம்பர் விழா மட்டும் இன்னும் நடக்கிறது. இப்போது ஆலை வளாகத்துக்குள்ளேயே ரத்ததான முகாமாக வைத்துக்கொள்கிறார்கள்.

அடுத்தது மேலமடை. அது கல் மடை, கல் பெயர்ந்து உள்ளே தண்ணீர் அரித்திருக்கிறது. அதற்கு லேத் உதவாது. பழைய கல் வேலை தெரிந்த கொத்தனார் வேண்டும். அப்படி ஒருவர் உசிலம்பட்டிப் பக்கம் இருக்கிறார் என்று நீர்க்கட்டி சொல்லியிருக்கிறார். பொருள் செலவையும் கொத்தனார் கூலியையும் கம்பெனி ஏற்கும், மண் வேலைக்கு ஆள் ஊர் கொடுக்கும் என்று பேச்சு. ஒன்றியப் பொறியாளர் அளந்துகொண்டு போயிருக்கிறார். ஆனிக்குள் உத்தரவு வந்தால் இந்தக் கோடையில் வேலை, இல்லாவிட்டால் அடுத்த கோடை.